தேடிப் போகிறவரின் கதை
ஓடிப்போகிறவர்களைப் பற்றிய நகைச்சுவைப் படங்களில் நம்பகமும் ஈரமும்

(ஜோகூர் பாருவில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் ஒரு புலவரைப் பற்றியோ ஒரு நூலைப் பற்றியோ பேசுவதுதான் நம் வழக்கம். வீட்டை விட்டு ஓடிப்போகிறவர்களின் சினிமாவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது, ஏற்பாட்டாளர்கள் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். ஆனால் மறுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு முதலில் என் நன்றி. யோசித்துப் பார்த்தால் ஜோகூரில் பேசுவதற்கு ஏற்ற பொருள்தான் இது. வடக்கே ஓட 1909லிருந்து ரயில் இருக்கிறது. தெற்கே ஓட 1920களிலிருந்து கடற்பாலம் இருக்கிறது. ஓடிப்போக நினைக்கிறவனுக்கு இவ்வளவு வசதி செய்து கொடுத்த மாநிலம் இது!

ஓடிப்போகிறவர்களின் கதை சினிமாவுக்கு மிகவும் பிடித்த கதை. ஒருவர் வீட்டை விட்டுக் கிளம்பினால் போதும், வழியும் ஊர்களும் ஆட்களும் தாமாக வந்துவிடுகிறார்கள். சாகசம் அப்படிக் கைகூடிவிடுகிறது. துரத்தலும் தப்பித்தலும் இருப்பதால் சிரிப்புக்கும் குறைவில்லை. வராமல் போவது இரண்டு. ஒன்று நம்பகம்: இது நடந்திருக்கும் என்று பார்ப்பவருக்குத் தோன்ற வேண்டும். மற்றொன்று ஈரம்: இவர்களுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று பார்ப்பவர் மனம் பதற வேண்டும். இவ்விரண்டையும் கொண்டுவர இயக்குநர்கள் பெரும்பாலும் ஓடுகிறவர்மீதே கவனத்தைக் குவிக்கிறார்கள். அவருக்கு ஒரு சோகமான பின்கதை, துணைக்கு ஒரு நாய்க்குட்டி, உருக்கமான ஒரு பாட்டு. இன்று நான் சொல்ல வந்தது வேறு. ஓடுகிறவரை நம்ப வைப்பவர், அவரைத் தேடிப் போகிறவர். தேடிப் போகிறவரை ஒழுங்காக எழுதிவிட்டால் நம்பகமும் ஈரமும் கூடவே வந்துவிடும்.

செவிலியும் நற்றாயும்

இது நமக்குப் புதிய பாடம் அல்ல. சங்க அகப்பாடல்களில் உடன்போக்கு என்று ஒரு பெரும்பகுதி உண்டு. தலைவி தலைவனோடு ஊரை விட்டுப் போய்விடுகிறாள். பாலை நிலத்து வெயிலில் இருவரும் நடக்கிறார்கள். அந்தப் பாடல்களில் பலவற்றைப் பாடுவது அவர்கள் அல்லர். வீட்டிலிருந்து புலம்புகிறவள் பெற்ற தாய், நற்றாய் என்பார்கள். வழியில் இறங்கித் தேடிப் போகிறவள் வளர்த்த தாய், செவிலி. எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, இப்படி இருவர் போனதைக் கண்டீர்களா என்று கேட்கிறாள்.

கலித்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோவின் ஒன்பதாம் பாடலை இங்கே பலர் பள்ளியில் படித்திருப்பீர்கள். செவிலி கேட்பது வெயிலில் குடையும் கரகமும் முக்கோலுமாக வரும் அந்தணர்களிடம். கண்டோம் என்கிறார்கள் அவர்கள். பிறகு ஆறுதல் சொல்கிறார்கள்: மலையில் பிறந்த சந்தனம் மலைக்குப் பயன்படுவதில்லை, கடலில் பிறந்த முத்து கடலுக்குப் பயன்படுவதில்லை, யாழில் பிறந்த இசை யாழுக்குப் பயன்படுவதில்லை. உன் மகளும் அப்படித்தான், வருந்தாதே என்கிறார்கள்.

இந்தப் பாட்டின் கட்டமைப்பைத் திரைக்கதை எழுதுகிறவர் கண்ணால் பாருங்கள். ஓடிப்போன இருவரும் பாட்டில் வரவே இல்லை. ஆனால் அவர்கள் போன வழி, அந்த வெயில், அவர்களின் துணிச்சல் எல்லாம் நமக்குத் தெரிகிறது. வயதான ஒருத்தி காலோய நடந்து வந்து கேட்பதால்தான் தெரிகிறது. வீட்டில் காத்திருக்க ஒருவர், வழியில் தேட ஒருவர் என்று இரண்டு தாயரை நம் அகமரபு பிரித்து வைத்ததும் தேர்ந்த ஏற்பாடு. காத்திருப்பவர் இழப்பின் அளவைக் காட்டுகிறார். தேடுகிறவர் வழியின் நீளத்தைக் காட்டுகிறார்.

சைக்கிளில் மகன், நடையில் தந்தை

தமிழ் சினிமாவில் இந்த ஏற்பாட்டை அண்மையில் மிக எளிமையாகச் செய்துகாட்டிய படம் ‘குரங்கு பெடல்’. ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ என்ற சிறுகதையிலிருந்து கமலக்கண்ணன் இயக்கியது. 2022இல் கோவா திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமா பிரிவில் திரையிடப்பட்டு, 2024 மே மாதம் திரைக்கு வந்தது. கதை 1980களில் கொங்கு வட்டாரக் கிராமம் ஒன்றில் நடக்கிறது. கோடை விடுமுறை. சைக்கிள் கற்றுக்கொள்ளத் துடிக்கும் பையன்கள். மாரியப்பன் என்ற சிறுவன் வாடகை சைக்கிள் எடுக்கிறான், சொன்ன நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போகிறது, பயத்தில் சைக்கிளோடு கிளம்பிவிடுகிறான். காளி வெங்கட் நடித்த அவன் தந்தைக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. எங்கே போனாலும் நடைதான். அதற்காக ஊரே அவரைக் கேலி செய்கிறது.

இதைவிடச் சிக்கனமான ஒரு கதைக்கருவை நான் அறியேன். ஓடுகிறவனுக்கு இரண்டு சக்கரம், தேடுகிறவருக்கு இரண்டு கால். ஒரு வசனமும் இல்லாமலே இது சிரிப்பு. அதே சமயம் அந்தத் தந்தை நடக்க நடக்க நெஞ்சு கனக்கவும் செய்கிறது. சிரிப்புக்கு ஒரு காட்சி, அழுகைக்கு ஒரு காட்சி என்று பிரித்து வைக்கத் தேவையே இல்லாமல், ஒரே நடையில் இரண்டும் இருக்கின்றன.

குரங்கு பெடல் போட்டவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். பெரியவர்களின் சைக்கிள், சீட்டு எட்டாது. நடுக்கம்பிக்குக் கீழே உள்ள முக்கோண இடைவெளிக்குள் வலக்காலை நுழைத்து அந்தப் பக்கத்துப் பெடலில் வைக்க வேண்டும். உடம்பு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் சாயும். ஒரு கை ஹேண்டில் பாரில், மறுகை சீட்டையோ நடுக்கம்பியையோ அணைத்திருக்கும். முழுச் சுற்று வராது, அரைப் பெடல்தான். இந்த நிலையில் ஒரு பையனால் வேகமாகத் தப்பிக்க முடியாது. முழங்கால் சிராய்க்கும், செயின் கழலும், இறங்கினால் மறுபடி ஏறுவதற்கு ஒரு கல்லையோ திட்டையோ தேட வேண்டும். நம்பகம் இங்கேதான் உண்டாகிறது. ஓட்டம் எவ்வளவு கடினம் என்பது உடம்பில் தெரிகிறது. உடம்பில் தெரிந்ததைப் பார்ப்பவர் சந்தேகிப்பதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காணாமல் போனது பையன் மட்டும் அல்ல, சைக்கிளும்தான். கடைக்காரருக்கு வண்டி வேண்டும், தந்தைக்கு மகன் வேண்டும். இரண்டு தேடல்களும் நியாயமானவை. தன் பிழைப்புக்கு வழியான பொருளைத் தேடுகிறவரை வில்லன் ஆக்க முடியாது. துரத்துகிறவர் எல்லாருக்கும் ஆளுக்கொரு நியாயம் இருக்கும்போது, கெட்டவர் என்று ஒருவர்கூட இல்லாமலே கதை விறுவிறுப்பாக ஓடுகிறது.

பையில் எவ்வளவு காசு?

நம்பகத்தின் அடுத்த தூண் கணக்கு. வீட்டை விட்டு ஓடினவரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது, அது எத்தனை வேளைக்குத் தாங்கும் என்பதை நல்ல படங்கள் மறப்பதில்லை.

இவ்வகைப் படங்களுக்கெல்லாம் மூத்ததாகச் சொல்லப்படுவது 1934இல் ஃபிராங்க் காப்ரா இயக்கிய ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’. அப்பாவிடமிருந்து தப்பி ஓடும் கோடீஸ்வரர் மகளும், அவளோடு பஸ்ஸில் சேர்ந்துகொள்ளும் பத்திரிகைக்காரனும் படும் பாடுதான் கதை. மகளைக் கண்டுபிடிப்பவருக்குப் பத்தாயிரம் டாலர் என்று அப்பா அறிவித்திருக்கிறார். கடைசியில் பத்திரிகைக்காரன் அவரிடம் வருகிறான். பத்தாயிரம் கேட்கவில்லை. வழியில் அவளுக்காகத் தன் கையிலிருந்து செலவழித்த 39 டாலர் 60 சென்ட்டை மட்டும் கேட்கிறான். அந்த அறுபது சென்ட்தான் காதலுக்குச் சாட்சி. ஆயிரம் வசனம் பேசியிருந்தாலும் அந்த அப்பா நம்பியிருக்க மாட்டார். கணக்குச் சீட்டை நம்பினார். பிறகு கல்யாண மேடைக்கு மகளை அழைத்துப் போகும்போது, மனம் மாறினால் ஓடிவிடு, வெளியே கார் நிற்கிறது என்று அவள் காதில் சொல்பவரும் அவரே. தேடியவரே ஓட வழி செய்கிறார். படத்தின் ஈரம் முழுவதும் அந்தக் கிழவரிடம் வந்து சேர்ந்துவிடுகிறது.

நம் பக்கம் மணிரத்னத்தின் ‘திருடா திருடா’வைப் பாருங்கள். 1993 தீபாவளிக்கு வந்த படம். இரண்டு சில்லறைத் திருடர்கள். கட்டாயக் கல்யாணத்துக்குத் தப்பி வந்த ராசாத்தி. நடுவில் ஆயிரம் கோடி ரூபாய் கொள்ளை. பி. சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவும் ஏ. ஆர். ரஹ்மானின் இசையும் இன்றும் பழசாகவில்லை. சாகசமும் சிரிப்பும் நிறைய உண்டு. ஆனால் கதை வேகம் பிடித்த பிறகு துரத்துகிறவர்கள் எல்லாரும் துரத்துவது பணத்தை. ராசாத்தி என்ற பெண் திரும்பி வர வேண்டும் என்று ஏங்கும் ஒருவரும் நமக்கு நினைவில் நிற்பதில்லை. ஆயிரம் கோடியை நம் கையால் எண்ணிப் பார்க்கவும் முடியாது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காசில்லை என்றால் புரிகிற வயிறு, ஆயிரம் கோடிக்கு அசையாது. இருந்தும் அந்தப் படத்தில் ஒருவர் மனத்தில் தங்குகிறார்: எஸ். பி. பாலசுப்ரமணியம் நடித்த புலனாய்வு அதிகாரி. அலட்டல் இல்லாத, சற்றே குறும்பான, சோர்ந்தும் விடாத மனிதர். அவரும் தேடிப் போகிறவர்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இருநூறு மீட்டர் ஓட்டம்

நியூசிலாந்து இயக்குநர் டைகா வைடீடி 2016இல் எடுத்த ‘ஹன்ட் ஃபார் த வைல்டர்பீப்பிள்’ இந்தத் தலைப்பில் தவிர்க்க முடியாதது. ரிக்கி என்ற குண்டுப் பையன். வீடு வீடாக மாற்றப்பட்ட வளர்ப்புப் பிள்ளை. நகரத்திலிருந்து கொண்டுவந்து காட்டோரம் வாழும் பெல்லா என்ற பெண்ணின் வீட்டில் விடுகிறார்கள். முதல் இரவே ஓடிப்போகிறான். பொழுது விடிந்தால் வீட்டுக்கு எதிர்மேட்டில் படுத்துக் கிடக்கிறான். இருநூறு மீட்டர்தான் ஓட முடிந்தது. பெல்லா நடந்து வந்து அவன் பக்கத்தில் நிற்கிறாள். திட்டவில்லை. வந்து பசியாறிவிட்டு அப்புறம் ஓடிப்போயேன் என்ற பாங்கில் கூப்பிடுகிறாள்.

படத்தின் முதல் கால்மணி நேரத்துக்குள் வரும் காட்சி இது. பிறகு பெல்லா இறந்துவிடுகிறாள், பையனும் அவள் கணவர் ஹெக்கும் காட்டுக்குள் மாதக்கணக்கில் அலைகிறார்கள், நாடே தேடுகிறது, வாகனத் துரத்தல்கூட உண்டு. அவ்வளவு மிகையையும் நாம் ஏற்றுக்கொள்வதற்குக் காரணம் அந்தக் காலைப் பசியாறல். தேடி வருவது என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று பெல்லா காட்டிவிட்டாள். அதன் பிறகு வரும் குழந்தைகள் நல அதிகாரி பவுலா, போலீஸ், ஊடகம் எல்லாரும் அந்த அளவுகோலில் குட்டையாகத் தெரிகிறார்கள். சிரிப்பு வருவது அந்தக் குட்டையால்தான்.

யாரும் தேடாதபோது

இதற்கு நேர் எதிரான ஒரு படத்தையும் சொல்ல வேண்டும். மிஷ்கினின் ‘நந்தலாலா’, 2010. ஜப்பானிய இயக்குநர் தகேஷி கிடானோவின் ‘கிகுஜிரோ’வின் சாயலில் அமைந்தது. தாயைத் தேடிப் புறப்படும் சிறுவன் ஒருவன். மனநல விடுதியிலிருந்து தப்பிய ஒருவன். இருவரும் சாலையில் நடக்கிறார்கள். ஓடிப்போனவர்களின் கதைக்கு வேண்டிய சிரிப்புகள் அதில் உண்டு. ஆனால் படம் முடிந்து எழும்போது நாம் கனத்துப் போயிருக்கிறோம். அந்த வழியில் அவர்களுக்குப் பின்னால் மூச்சிரைக்க வருகிறவர் என்று ஒருவர் இல்லை. இங்கே ஓடுகிறவர்களே தேடுகிறவர்கள். செவிலியின் வேலையைக் குழந்தை செய்ய வேண்டியிருக்கிறது. நகைச்சுவை துயரமாக மாறும் எல்லைக்கோடு இதுதான் என்று நினைக்கிறேன். பின்னால் ஒருவர் வருகிறார் என்று தெரிந்தால் ஓட்டம் விளையாட்டு. ஒருவரும் வரவில்லை என்றால் அது அநாதைமை.

நம் மண்ணில் ஓட்டம்

இப்போது நம் வாசலுக்கு வருகிறேன். மலேசியத் தமிழர் கதைகளில் ஓடிப்போகிறவன் ஏன் சிரிக்க வைப்பதில்லை?

காரணம் வரலாற்றில் இருக்கிறது. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் நிறுத்தப்படும்வரை, தோட்டத்தை விட்டு ஓடுவது சட்டப்படி குற்றம். அபராதமும் சிறையும் உண்டு. அதன் பின் முதன்மையானது, ஊரிலிருந்து ஆள் சேர்த்து வந்த கங்காணிகளின் முறை. அதில் ஒரு மாத முன்னறிவிப்போடு வெளியேறலாம் என்று காகிதத்தில் இருந்தது. கடன் காலைக் கட்டியது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. ஆகவே ஓடினவனைத் தேடிப் போனவருக்கு அவன்மேல் இருந்தது பாசம் அல்ல, கணக்கு. 1942, 43இல் ஜப்பானியர் சயாம் ரயில்பாதைக்கு ஆள்பிடித்தபோது தோட்டத்து ஆண்கள் ஒளிந்தார்கள், ஓடினார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் அந்தக் காலத்தின் பதிவு. இப்படி இரண்டு மூன்று தலைமுறைகளுக்குத் தேடி வருகிறவர் என்றாலே அச்சம். அந்த நினைவில் வளர்ந்த கதைகளில் ஓட்டம் எப்படிச் சிரிப்பாகும்?

நம் நல்ல படங்களிலும் அதன் நிழல் இருக்கிறது. தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) தோட்டத்தை விட்டு வெளியேறத் துடிக்கும் ஒரு பெண்ணின் படிப்பைப் பற்றியது. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வான சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’டில், அப்போய் என்ற சிறுவன் வீட்டை விட்டு ஓடவில்லை, வீடும் பள்ளியும் அடித்து அடித்து அவனைக் குண்டர் கும்பலின் பக்கம் தள்ளுகின்றன. அவன் தந்தை கொடியவர் அல்லர். மகன் நன்றாக வர வேண்டும் என்று தவிப்பவர். ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே வழி பிரம்பு. மகன் விலகிப் போகும்போது அடிக்கத்தான் அவரால் முடிகிறது, பின்னாலேயே நடந்து போக முடியவில்லை. ‘குரங்கு பெடல்’ தந்தையையும் ‘ஜகாட்’ தந்தையையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், ஒன்று ஏன் நகைச்சுவை, மற்றொன்று ஏன் துயரம் என்பது விளங்கும்.

ஜோகூரில் ஒரு படம்

துயரப் படங்கள் நமக்கு வேண்டும். அவை போதாது என்பது என் கட்சி. நம் பிள்ளைகள் ஓடி, நம் கிழவிகள் தேடி, எல்லாரும் சிரித்து முடிக்கிற படம் ஒன்று இங்கே எடுக்கலாம். கற்பனையாக ஒன்றைச் சொல்கிறேன்.

லாயாங்-லாயாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். கோயில் திருவிழா வசூலில் ஐம்பது ரிங்கிட்டைத் தொலைத்துவிட்ட பையன் ஒருவன் பயத்தில் ரயில் ஏறுகிறான். சிங்கப்பூருக்குத்தான் போக நினைத்தான். கடப்பிதழ் இல்லாமல் பாலம் தாண்ட முடியாது என்பது நினைவுக்கு வர, எதிர்த் திசையில் ஏறிவிடுகிறான். இந்த மாதிரித் தடைகளை மறைக்கக் கூடாது, அவைதான் கதை. ரெங்கம் தாண்டிக் குளுவாங்கில் இறங்குகிறான். 1938லிருந்து நடக்கும் ஸ்டேஷன் காப்பிக்கடையின் வாசனை வயிற்றைப் பிடுங்குகிறது. பையில் மூன்று ரிங்கிட்.

அவனுக்கு வரும் மிகப் பெரிய ஆபத்து ரவுடிக் கும்பல் அல்ல. பக்கத்து மேசையில் இருக்கும் ஒரு பாட்டி. அவர் கேட்கப்போகும் கேள்வி: ‘நீ யாரு வூட்டுப் புள்ள? ஒங்க தாத்தா பேரு என்னா?’ நம் சமூகத்தில் முகம் தெரியாமல் ஓடுவது நடக்காத காரியம். பொய்ப் பெயர் சொன்னால் அந்தப் பெயரிலும் அவருக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார். ஒவ்வொரு ஊரிலும் ஓர் அத்தை, ஒவ்வொரு ஒட்டுக்கடையிலும் ஒரு மாமா. அவனுக்குச் சோறு போடுகிறவர்களும் அவர்களே, காட்டிக் கொடுக்கப் போகிறவர்களும் அவர்களே. ஈரமும் ஆபத்தும் ஒரே கையிலிருந்து வருகின்றன. இதை எந்த நாட்டுப் படத்திலிருந்தும் எடுக்க வேண்டியதில்லை.

பின்னால் யார் வருகிறார்கள்? ஒரு பழைய கப்சாய் மோட்டார். ஓட்டுகிறவர் கோயில் பொருளாளர். அவருக்குத் திருவிழாவுக்கு முன் ஐம்பது ரிங்கிட் வேண்டும், கணக்கு நேராக வேண்டும். பின்சீட்டில் பையனின் பாட்டி. அவருக்குப் பேரன் வேண்டும். இருவருக்கும் ஏற்கெனவே பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே மோட்டாரில் தோட்டம் தோட்டமாகப் போயாக வேண்டும். வழியில் பெட்ரோல் காசு யார் கொடுப்பது என்பதிலிருந்தே சிரிப்புத் தொடங்கிவிடும். பழைய படங்களைப் போல நாயகன் ஒரு பாதையிலும் நகைச்சுவை நடிகர் வேறு பாதையிலும் போக வேண்டிய அவசியம் இல்லை. சாலை ஒன்றுதான், எல்லாரும் அதில்தான் வருகிறார்கள்.

இளம் படைப்பாளர்கள் சிலர் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் தொழில் சார்ந்தது. ஓடிப்போகிறவரைப் பற்றிக் கதை எழுத உட்காரும்போது, தேடிப் போகிறவரை முதலில் எழுதுங்கள். அவருக்கு என்ன வயது, முழங்கால் வலி உண்டா, வண்டி ஓட்டத் தெரியுமா, கையில் எவ்வளவு காசு, அன்றைக்கு வேலைக்குப் போகாவிட்டால் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள், இவற்றுக்கெல்லாம் விடை எழுதுங்கள். அவர் கண்டுபிடித்ததும் முதலில் என்ன செய்வார் என்பதைக் கடைசிவரை முடிவு செய்யாமல் வையுங்கள். அடிப்பாரா, அழுவாரா, சாப்பிட்டாயா என்பாரா என்று உங்களுக்கே தெரியாமல் இருந்தால்தான் பார்ப்பவருக்கும் தெரியாது.

ஓடினவனைத் தேடிக் கங்காணி வந்த காலம் போய்விட்டது. இனி நம் கதைகளில் பாட்டிகள் வரட்டும்.